லிஃப்ட்காரர் வீட்டுத் தேனீக்கள்

அவருக்கு உட்காரத் தெரியாது. தெருவில் எல்லாரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். வாலிபத்திலிருந்து லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் வேலை. இருட்டுக் குழிக்குள் இறங்கி, கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவி, மாடி மாடியாக ஏறி இறங்கிப் பழகிய உடம்பு. தோள்மூட்டு தேய்ந்துபோய் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் ஆனதும், கம்பெனி அவரை ஒரு சின்ன அறையில் டெலிபோன் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தது. எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சிவப்பு பட்டனை அழுத்துவார்கள். ஆள் போய்ச் சேரும் வரைக்கும் இவர் பேசிக்கொண்டிருக்க வேண்டும். "பயப்படாதீங்க, உள்ள காத்து வரும். கதவை நெம்பாதீங்க. ஆள் கிளம்பியாச்சு." அதை அவர் நன்றாகவே செய்தார். ஆனால் ரிசீவரை வைத்த மறுநொடி எழுந்து அந்த அறையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்.

வீட்டிலும் அதே கதை. ஒழுகாத குழாயைக் கழற்றுவார். சத்தம் போடாத ஃபேனை இறக்கி எண்ணெய் விடுவார். "என்னைத்தான் இன்னும் கழட்டிப் பார்க்கல" என்பாள் அவர் மனைவி. அவள் ஒரு தையல் கடையில் ஆல்டரேஷன் வேலை செய்கிறவள். இடுப்பு பிடிப்பது, கை நீளம் குறைப்பது, பிரித்துத் தைப்பது. காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள் என்றால் மதியம்தான் எழுந்திருப்பாள். இப்படி ஒருத்தரும் அப்படி ஒருத்தியும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

ஒருநாள் செடி விற்கிற கடைக்கு மண் வாங்கப் போனவர், வாசலில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் படித்துவிட்டு மண்ணை மறந்து திரும்பி வந்தார். தேனீ வளர்ப்புப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கடைக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில், செய்முறையோடு. இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"என்னை எதுக்கு இழுக்கறீங்க? கரப்பான் பூச்சிக்கே நான் நாற்காலி மேல ஏறுறவ."

"சும்மா வந்து நிழல்ல உக்காரு. தனியா போனா ஒரு மாதிரி இருக்கும்."

சொல்லிக்கொடுத்தது அவர்களுக்கு மகள் வயதில் இருந்த ஒரு பெண். பாங்க் வேலை பிடிக்காமல் விட்டுவிட்டு இதற்கு வந்தவளாம். எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். முதல் வகுப்பில் அவள் ஒரு காலிப் பெட்டியைப் பிரித்துக் காட்டினாள். கீழே அடிப்பலகை, மேலே புழுக்கள் வளரும் அறை, அதற்கும் மேலே தேன் அறை, உள்ளே வரிசையாகத் தொங்கும் மரச்சட்டங்கள். அவள் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட்காரர் அடுத்த இரண்டைக் கேட்டார். இரண்டாவது வகுப்பில் தேனீக்கள் உள்ள பெட்டியைத் திறந்தார்கள். வெள்ளை உடுப்பு, முகத்துக்கு வலை, கையில் தேனீக்களை அமைதிப்படுத்தப் புகை விடும் குப்பி. அவர் முறை வந்தபோது சட்டத்தை வெடுக்கென்று உருவினார். பெட்டிக்குள்ளிருந்து வந்த முனகல் சட்டென்று ஒரு கட்டை ஏறியது.

"ஐயா, மெதுவா. அவங்களுக்கு நம்ம அவசரம் தெரியாது."

"மெதுவாத்தான் எடுத்தேன்."

"இது உங்களுக்கு மெதுவா. அவங்களுக்கு இடி விழுந்த மாதிரி."

அன்றைக்கு ஆள் குறைவு. ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டியிருந்தது. நிழலில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியை டீச்சர் கூப்பிட்டாள். அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். பிறகு எப்படியோ எழுந்து வந்து, உடுப்பை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சட்டத்தைக் கையில் வாங்கினாள். நூற்றுக்கணக்கான தேனீக்கள் அதில் ஊர்ந்தன. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. கை மட்டும் ஆடவில்லை. வீட்டுக்குள் நுழைந்த பிறகு, "அந்த மெழுகு அறை ஒவ்வொண்ணும் எவ்வளவு சீரா இருக்கு பாத்தீங்களா?" என்றாள்.

லிஃப்ட்காரருக்கு அதற்குள் பரபரப்பு தலைக்கு ஏறியிருந்தது. பயிற்சி முடியும் முன்பே தனக்கென்று ஒரு வெள்ளை உடுப்பும், கூடவே ஒரு பெட்டியும் வாங்கி, பெட்டிக்கு நீல வண்ணம் அடித்து, பின்புறத்துச் சுவர் ஓரம் நிறுத்திவிட்டார். வசந்தத்தில் ஒரு கூட்டம் தேனீக்கள் தருவதாக டீச்சர் சொல்லியிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர், டிரைவிங் மாஸ்டர். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு நாளெல்லாம் பொறுமையாக இருந்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவருக்குப் பொறுமை மிச்சம் இருக்காது.

"என்ன சார் அது, பெட்டி?"

"தேனீக்கு."

"கொட்டற ஜந்துவைக் கூலி குடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றீங்களா? என் எலுமிச்ச மரத்துப் பக்கம் ஒண்ணு வந்தாலும் மருந்து அடிச்சிருவேன்."

"உங்க எலுமிச்சையில காய் பிடிக்கிறதே அதுங்களாலதான்."

"என் மரத்தைப் பத்தி எனக்கு நீங்க பாடம் எடுக்காதீங்க."

அதோடு பேச்சு நின்றது. பிறகு தெருவில் எதிர்ப்பட்டாலும் இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

மூன்றாவது வகுப்பில் லிஃப்ட்காரருக்கு மணிக்கட்டில் ஒரு கொட்டு விழுந்தது. கை முழங்கை வரை வீங்கியது. "பழகிடும்" என்று பெருமையோடு எல்லாரிடமும் காட்டினார். கடைசி வகுப்பில் வலையின் ஜிப்பைச் சரியாக மூடாமல் பெட்டியருகே போனார். கழுத்தில் ஒன்று கொட்டியது. டீச்சர் கற்றுக்கொடுத்தபடியே நகத்தால் கொடுக்கைப் பக்கவாட்டில் சுரண்டி எடுத்தாள் அவர் மனைவி. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை அரித்தது, உதடு தடித்தது, தொண்டையை யாரோ உள்ளிருந்து இறுக்குவது போல் இருந்தது. கால் மடங்கியது. அதற்குப் பிறகு அவருக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் டீச்சர் தொடையில் ஏதோ ஊசியைக் குத்தியதும், மனைவி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இதோட தேனீயை மறந்துடுங்க. அடுத்த தடவை கொட்டினா இங்க வந்து சேர நேரம் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்." பேனா மாதிரி இருந்த ஓர் ஊசியைக் கொடுத்து எப்போதும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மனைவியின் தம்பி பார்க்க வந்தான். "மாமா, உங்க ராசிக்கு மீன் தொட்டி போதும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த லிஃப்ட்காரர் நீலப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். தேனீக்களும் வேண்டாம் என்று டீச்சருக்குப் போன் செய்யச் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வரட்டும்" என்றாள்.

"வந்து? யார் பாக்கறது?"

"நான்தான்."

அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு வந்தது எரிச்சல். ஆசைப்பட்டு எடுத்த சட்டையைத் தன் கண்ணெதிரே இன்னொருவர் போட்டுக்கொண்டு போவதைப் பார்ப்பது போல இருந்தது. அதை வெளியே சொல்ல முடியுமா? "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, நன்றாக இருந்த சமையலறைக் குழாயைக் கழற்றப் போனார்.

தேனீக்கள் வந்தன. அவள் வாரம் ஒருமுறை காலையில் உடுப்பு மாட்டிக்கொண்டு பின்புறம் போவாள். போகும்போது பின்கதவை வெளியிலிருந்து சாத்திவிடுவாள். அவர் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கையைப் பிசைவார். கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும், எதுவும் கேட்காது. அதனால் போனில் கூப்பிட ஆரம்பித்தார். அவள் காதில் ஒரு வயரைச் செருகிக்கொண்டு வேலை செய்வாள்.

"புகை போதாது. இன்னும் ரெண்டு அழுத்து அழுத்து."

"போதும்ங்க."

"ஓரத்துச் சட்டத்தை முதல்ல எடு. நடுவுல கை வைக்காத."

"அதைத்தான் எடுக்கறேன்."

"ராணி தெரியுதா? உடம்பு நீளமா இருக்கும். பதறாத, நிதானமா இரு, நான் இருக்கேன்."

அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். "நான் லிஃப்ட்ல மாட்டிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.

அவர் விடவில்லை. டீச்சர் நடத்திய பட்டறைகளில் பெட்டி திறக்காத, அறைக்குள் நடக்கிறவற்றுக்கு மட்டும் போக ஆரம்பித்தார். ஒரு சனிக்கிழமைப் பட்டறை கூட்டம் பிரிவதைப் பற்றியது. பெட்டியில் இடம் நெருக்கமானால் தேனீக்கள் புது ராணியை வளர்க்கத் தொடங்கும். அதற்கென்று சட்டத்தின் கீழ்விளிம்பில் வேர்க்கடலை போலத் தொங்கும் ஓர் அறை கட்டும். அது மூடப்பட்டதும் பழைய ராணி பாதிக் கூட்டத்தை இழுத்துக்கொண்டு வெளியேறிவிடும். அவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"வேர்க்கடலை மாதிரி எதாவது இருக்கா?"

"போன தடவை பாத்தேன். இல்ல."

"எல்லாச் சட்டத்துக்கும் அடியில பாத்தியா? திருப்பிப் பாத்தியா?"

"பாத்தேங்க. கடையில கல்யாண சீசன், தலைக்கு மேல வேலை கிடக்கு. வர்ற ஞாயிறு மறுபடி பாக்கறேன்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நேற்று இருந்ததைவிட இன்று வாசலில் கூட்டம் அதிகமாகத் தெரிந்தது. ஜன்னலருகே ஒரு நாற்காலி போட்டார், ஆனால் அதில் உட்காரவில்லை. வேலைக்குப் போகும் முன் ஒரு பார்வை, வந்ததும் ஒரு பார்வை, சாப்பிடும்போது தட்டோடு வந்து ஒரு பார்வை.

அந்த வாரத்திலேயே, அவருக்கு லீவான ஒரு நாளில் அது நடந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. மனைவி கடையில். ஜன்னலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நீலப் பெட்டியின் வாசலிலிருந்து தேனீக்கள் தண்ணீர் கொட்டுவதுபோல் கொட்டிக்கொண்டிருந்தன. பின்புறம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஒரு சுழல். மூடிய கண்ணாடிக்குள்ளும் அந்த இரைச்சல் வந்தது. சுழல் மெல்ல உயர்ந்து, சுவரைத் தாண்டி, டிரைவிங் மாஸ்டரின் எலுமிச்சை மரத்தில் போய் ஒட்டத் தொடங்கியது.

மனைவிக்குப் போன் செய்தார்.

"பிரிஞ்சிடுச்சு. நான் சொன்னேன்ல?"

"எங்க போச்சு?"

"மாஸ்டர் வீட்டு எலுமிச்சை."

"நான் வர்றேன். நீங்க வெளிய கால் வைக்கக் கூடாது. வைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள், சுவருக்கு அப்பால் பின்கதவு திறந்து டிரைவிங் மாஸ்டர் தலை தெரிந்தது. கையில் பூச்சிமருந்து டப்பா.

"அவர் மருந்து எடுத்துட்டார். வெச்சிடறேன்" என்றார் லிஃப்ட்காரர்.

கண்ணாடியைத் தட்டினார். கத்தினார். யாருக்குக் கேட்கும்? மாஸ்டர் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் சட்டைப்பையில் ஊசி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பின்பக்கம் போக முடியாது. முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினார், ஓட்டமும் நடையுமாக. மாஸ்டர் வீட்டு வாசலில் டிரைவிங் பலகை மாட்டிய கார் நின்றது. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்த ஒரு பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவர் அழைப்பு மணியை அழுத்திய விரலை எடுக்கவேயில்லை.

மாஸ்டர் டப்பாவோடு வந்து கதவைத் திறந்தார். இருவரும் நேருக்கு நேர் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"உங்க ஜந்துங்கதானே? என் மரத்துல ஒரு மூட்டை தொங்குது."

"தெரியும். அதைப் பத்திதான் வந்தேன். உள்ள வரலாமா? பின்கதவை மட்டும் சாத்திடுங்க."

உள்ளே வந்த லிஃப்ட்காரர் ஜன்னலைப் பார்த்தார். கிளையில் ஒரு பூசணிக்காய் அளவுக்குத் தேனீக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்கின. அவர் குரல் தானாக இறங்கியது. சிவப்பு பட்டனை அழுத்துகிறவர்களிடம் பேசும் அதே குரல்.

"சார், ஒண்ணும் பண்ணாதுங்க. வயிறு நிறையத் தேனைக் குடிச்சிட்டு, வீடு தேடக் கிளம்பினதுங்க. காக்கறதுக்கு இப்ப அதுங்களுக்கு வீடும் இல்ல, குஞ்சும் இல்ல. அதனால கொட்டற எண்ணமே இருக்காது. மருந்து அடிச்சாதான் கலைஞ்சு உங்க வீட்டுக்குள்ள வரும். என் வீட்டுக்காரி கிளம்பியாச்சு. அவ வந்து எடுத்துடுவா. அது வரைக்கும் நாம இங்கயே நிப்போம்."

மாஸ்டர் டப்பாவைக் கீழே வைக்கவில்லை, ஆனால் குலுக்குவதை நிறுத்தினார். "ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்ற ஆள் ஏன் சார் இப்படி நடுங்கறீங்க?"

லிஃப்ட்காரர் அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். "எனக்கு ஒத்துக்காது. ஒண்ணு கொட்டினா உயிர் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். டப்பாவை மேஜைமேல் வைத்தார். பிறகு விடுவிடுவென்று வீடு முழுக்க ஓடி ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தார். "நீங்க என்ன மனுஷன் சார்? இதைத் தெரிஞ்சுக்கிட்டா தெருவுல ஓடி வந்தீங்க? உக்காருங்க. அந்த மூலையில உக்காருங்க." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெளியே காத்திருந்த பெண்ணையும் உள்ளே கூப்பிட்டு, "இவரைக் கொஞ்சம் பாத்துக்கம்மா, நீ நர்ஸ்தானே" என்று ஒப்படைத்தார்.

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட்காரரின் மனைவி வந்துவிட்டாள். வீட்டுக்குப் போய் உடுப்பு மாட்டிக்கொண்டு, தையல் கடையிலிருந்து எடுத்துவந்த ஓர் அட்டைப்பெட்டியும் வெள்ளைப் படுக்கைவிரிப்புமாக நின்றாள். கணவரை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

"பெட்டியைக் கீழ பிடிக்க ஒருத்தர் வேணும்" என்றாள். "கிளையை நான் உலுக்கறேன்."

லிஃப்ட்காரர் எழுந்தேவிட்டார். நர்ஸ் அவர் தோளில் கை வைத்தாள், வலிக்கிற தோளில்.

"அண்ணா," என்றாள் மனைவி மாஸ்டரிடம். "இவரோட உடுப்பு வீட்டுல சும்மாதான் தொங்குது. உங்களுக்குச் சரியா இருக்கும்."

மாஸ்டர் முகம் பேயடித்த மாதிரி ஆனது. ஆனால் இரண்டு பெண்களும் லிஃப்ட்காரரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வார்? கொஞ்ச நேரத்தில் எலுமிச்சை மரத்தடியில் வெள்ளை உடுப்பில் இரண்டு பேர் நின்றார்கள். லிஃப்ட்காரர் சமையலறைக் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றார். அது அவர் உடுப்பு. அவர் ஆசையாகப் பார்த்து வாங்கியது. அதற்குள் இன்னொருவர் நின்று, அட்டைப்பெட்டியை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் மேல தூக்கணும்" என்றார் கண்ணாடியிடம். "முட்டணும், கிளையில முட்டணும். சொல்லுங்க யாராவது."

"அவங்களுக்குத் தெரியும்" என்றாள் நர்ஸ்.

மனைவி ஏதோ சொன்னாள். மாஸ்டர் பெட்டியை மேலே தூக்கினார். அவள் கிளையை இரண்டு கையாலும் பிடித்து, துணியை உதறுவதுபோல ஒரே ஓர் உதறு உதறினாள். மூட்டை பொத்தென்று பெட்டிக்குள் விழுந்தது. மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஆனால் பெட்டியை விடவில்லை. அவள் அதை வாங்கி, விரித்த விரிப்பின்மேல் கவிழ்த்து, ஓரத்தில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வழி விட்டாள். காற்றில் மிச்சமிருந்தவை ஒவ்வொன்றாக இறங்கி அந்த இடுக்கை நோக்கி நடக்க ஆரம்பித்தன. ராணி உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். லிஃப்ட்காரருக்குக் கண்ணில் நீர் வந்தது. அது சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று அவருக்கே புரியவில்லை.

உள்ளே வந்த மாஸ்டர் உடுப்பைக் கழற்றவில்லை. வலையை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு பேசினார், பேசினார். "என்ன கனம் சார். பொத்துன்னு விழுந்தது. கையில சூடா இருந்தது, தெரியுமா? அட்டை வழியாகூடச் சூடு." தெரியுமா என்று அவர் கேட்டபோது லிஃப்ட்காரருக்கு மனசுக்குள் ஒரு குத்து விழுந்தது. "தெரியாது, சொல்லுங்க" என்றார். மாஸ்டர் சொன்னார். லிஃப்ட்காரர் திரும்பத் திரும்பக் கேட்டு, முழுதாகச் சொல்ல வைத்தார்.

கிளம்பும்போது நர்ஸ், "பெரிய ஆஸ்பத்திரியில இதுக்கு ஊசி போடறாங்க ஐயா" என்றாள். "அந்த விஷத்தையே துளித்துளியா ஏத்தி உடம்பைப் பழக்குவாங்க. வருஷக்கணக்குல ஆகும். உங்களுக்குச் சரிவருமான்னு டாக்டர்தான் சொல்லணும். கேட்டுப் பாருங்க."

சாயங்காலம் மனைவி நீலப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். வலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கடைசிச் சட்டத்துல, மூலையில இருந்துச்சு. வேர்க்கடலை மாதிரியே. நான்தான் திருப்பிப் பாக்கல."

இந்த ஒரு வார்த்தைக்காக அவர் மத்தியானத்திலிருந்து காத்திருந்தார். இப்போது கேட்டால் சப்பென்றிருந்தது. "வேலை அதிகம் உனக்கு" என்றார்.

"அந்தக் கூட்டத்தை மாஸ்டர் அண்ணாவே வெச்சுக்கறேங்கறார். புதுப் பெட்டி வாங்கணும்னு குதிக்கறார். அடுத்த வகுப்புக்குப் பேர் குடுக்கப் போறாராம்."

"என் உடுப்போடயா?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "தெருவுல இறங்கி ஓடினீங்களே. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சீங்களா?"

அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதிசயமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார்.

மறுநாள் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அதுவரை எத்தனையோ பேருடைய அவசரத்துக்குப் பதில் சொன்னவரை, அந்தப் பக்கம் வெகுநேரம் காத்திருக்க வைத்தார்கள். கடைசியில் ஒருத்தி எடுத்து விவரம் சொல்ல, அவர் ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொன்னார். முதலில் டாக்டர் பரிசோதிப்பார். சரி என்றால் ஆரம்பத்தில் வாராவாரம் ஊசி, பிறகு மாதாமாதம். ஒவ்வொரு முறையும் ஊசி போட்டபின் அரைமணி நேரம் அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

மனைவி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நின்று கேட்டாள். "அரைமணி நேரமா? உங்களால முடியுமா?"

"முடியாம என்ன" என்றார் லிஃப்ட்காரர், போனைக் காதில் வைத்தபடி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே. "எந்தக் கிழமை வரணும்னு கேக்கறாங்க, சீக்கிரம் சொல்லு."